மல்லிகா பார்த்த வலையும் தண்ணி குடித்த கேமராவும்

என் வாயாடி மல்லிகா,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடு. உன் அண்ணி ஊரப்பாக்கம் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலை கரைக்கு வந்துவிட்டதடி! பார்த்தேன் பார்த்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாயே, ஊரே சிரித்ததே, அதே வலை. முந்தாநாள் மூன்று படகு சேர்ந்து இழுத்துவந்து கோவளம் மணலில் போட்டார்கள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. பக்கத்திலேயே நின்று நன்றாக மூச்சை இழுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இதை மடித்து உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். மாட்டேன். உன்னை நாலு பேர் முன்னால்தானே பொய்க்காரி ஆக்கினார்கள்? இதையும் நாலு பேர் படிக்கட்டும். படிக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன். "அண்ணி, எனக்கே என் கதையா?" என்று வம்புக்கு வராதே.

என் வீட்டுக்காரரின் தங்கை நீ. கருங்குழியில் கிணற்றில் குதித்துக் குதித்து நீச்சல் பழகியவள். செல்வம் அண்ணனைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு கோவளத்துக்குப் போனாய். அங்கே கடலுக்குள் மூழ்கப் பழக்கிவிடும் ரியாஸ் தம்பியின் இடத்துக்குச் சமைக்கப் போனவள், ஒரே வருஷத்தில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீயே இறங்க ஆரம்பித்தாய். அப்புறம் பழைய கேமரா ஒன்று வந்தது. தண்ணீர் புகாமல் அதை உள்ளே வைத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது. ஹவுசிங் என்பாய் அதை. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் துடைத்துத் துடைத்து வைக்கமாட்டார்கள்.

போன வருஷம் மாசியில், கடல் தெளிந்திருந்த நேரம். கரையிலிருந்து தள்ளி, ஏழு பாகம், அதாவது நாற்பதடி போல ஆழத்தில் இருக்கும் பாறைத் திட்டில், ஊரில் 'பாரு' என்பார்களே, அதன்மேல் ஒரு பெரிய வலை போர்த்திக்கொண்டு கிடந்ததைப் பார்த்தாய். அறுந்துபோன வலை. அதில் மீன் மாட்டுகிறது, சாகிறது, அதைத் தின்ன வந்ததும் மாட்டிச் சாகிறது. தூண்டில்காரர்கள் அந்த இடத்திலிருந்து வெறும் கையோடு திரும்பிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்றாய். படம் எடுத்துக் காட்டலாம் என்று மறுநாள் கேமராவோடு இறங்கினாய். பாதி வழியிலேயே ஹவுசிங்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஆனாலும் உன் வாய் சும்மா இருக்குமா? ஊர்க் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். ஓரத்திலிருந்தே குரல் கொடுத்தாய். தலைவர் கேட்டதை நீயே என்னிடம் நடித்துக் காட்டினாய்.

"யம்மா, கருங்குழி ஏரில பாசிய பாத்துட்டு வந்து இங்க வலைன்றியா? எங்க பாரு எங்களுக்குத் தெரியாதா? படம் கீதா? இருந்தா காட்டு."

"கேமரால தண்ணி பூந்துட்ச்சி தலைவரே."

"அட, அதுவும் மூய்கிப் பூட்ச்சா!"

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அதைவிட உனக்கு வலித்தது எது என்று எனக்குத் தெரியும். செல்வம் அண்ணன் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவாரம் பஸ் ஏறி என் கடைக்கு வந்தாய். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணி ஒருத்தி இருக்கும்போது வேறு எங்கே போவாய்? எவர்சில்வர் தூக்கு ஒன்றை மேஜைமேல் வைத்தாய். திறந்தால் உள்ளே பொன்னி அரிசி, அரிசிக்குள் கேமரா.

"ஏன்டி மல்லி, அரிசில போட்டா சோறுதான் வரும். கேமரா வருமா?"

"எல்லாரும் அப்டிதான் சொன்னாங்கோ அண்ணி. ஈரத்த இஸ்த்துக்குமாமே."

"ஈரத்த இஸ்க்கும். உப்ப எவன் இஸ்ப்பான்?"

உன்னை அன்றைக்கு நன்றாகத் திட்டினேன். கடல் தண்ணீர் புகுந்த எதையும் காயவிடக் கூடாது, காய்ந்தால்தான் உப்பு பொரிந்து செம்பை அரிக்கும், உடனே நல்ல தண்ணீரில் முக்கியே கொண்டுவரவேண்டும் என்று பெரிய பாடமே எடுத்தேன். பாடம் எடுத்தேனே தவிர, வேலையைச் செய்தேனா? அன்றைக்குப் பார்த்துக் கடையில் கூட்டம். "வெச்சிட்டுப் போ, பாக்கலாம்" என்று தூக்கோடு டிராயரில் போட்டேன். மாசி போய்ப் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் டிராயரைத் திறந்தேன். உள்ளே போர்டெல்லாம் பச்சை பூத்து, பேட்டரி உப்பிக் கிடந்தது. அரிசி மாவு வேறு இண்டு இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. கார்டு மட்டும் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படம் படகுப் பலகைமேல் உன் கால் கட்டைவிரல், தெரியாமல் கை பட்டு எடுத்தது. நெயில் பாலிஷ் பாதி உரிந்திருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இந்தக் கேமராவை ஓடவைத்து அந்தப் பாருக்கு அனுப்பி, அந்தப் படத்தை அந்தக் கூட்டத்தில் வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வலை இருக்கிறதா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது, மல்லி. நீ சொன்னாய், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் போர்டு தேறவில்லை. சென்னையில் பழைய சாமான் விற்கிற கடைகளில் நாலு நாள் சுற்றி, திரை உடைந்து செத்துக் கிடந்த அதே மாடல் கேமரா ஒன்றைப் பிடித்தேன். அதன் போர்டு, உன் கேமராவின் லென்ஸ், என் கடையில் கிடந்த ஒயர். பல் குத்தும் குச்சி அளவு ஸ்க்ரூவெல்லாம் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினேன். நாலாம் தடவை பட்டனை அமுக்கியபோது லென்ஸ் 'சர்ர்' என்று வெளியே வந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! பக்கத்து டீக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவரும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்து நின்றார். இளைத்துப் பாதியாகியிருந்தார்.

"ஓடுதா தங்கச்சி?"

"ஓடுது. ஆனா எறங்கறது நீங்கதான். எனக்கு முட்டி ஆழத் தண்ணினாலே நெஞ்சு அட்ச்சிக்கும்."

"ரியாஸு கைல சொல்லிட்டேன். பத்து நாளா சிலிண்டர் மாட்டிப் பயகிகினுதான் கீறேன்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே பழக ஆரம்பித்திருக்கிறார் மனுஷன்!

இனிமேல்தான் உன் அண்ணியின் லட்சணம் வருகிறது. சிரிக்காமல் கேள்.

ஆயுத பூஜை வந்தது. சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர், மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். நடுவில் உன் கேமரா. ஹவுசிங்கைத் திறந்துவைத்து, வாசற்கால் மாதிரி நினைத்துக்கொண்டு, மூடியின் நாலு மூலையிலும் நல்ல தடிப்பாகச் சந்தனம், மேலே குங்குமம். கற்பூரம் காட்டி, "மல்லி, கூடவே இருடி" என்று கும்பிட்டேன். மூன்றாம் நாள், மழை பிடிப்பதற்கு முன் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. பெட்டியைத் துடைத்துப் பூட்டி, "ஒத்திகை மாரி கொஞ்சம் ஆழத்துல பாத்துட்டு வாங்க" என்று செல்வம் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றேன்.

அரை மணி நேரத்தில் படகு திரும்பியது. அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இறங்கி வந்து பெட்டியை நீட்டினார். உள்ளே நாலு ஸ்பூன் தண்ணீர். சிவப்புத் தண்ணீர்.

"இன்னா தங்கச்சி இது, ரத்தம் மாரி கீது?"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "ஒரு பொட்டிய ஒயுங்கா பாத்துக்கத் தெரியாதா உங்களுக்கு? அன்னிக்கி கூட்டத்துலயும் அவள உட்டுட்டீங்கோ, இன்னிக்கி அவ கேமராவயும் உட்டுட்டீங்கோ!" அவர் பெட்டியை என் கையில் வைத்தார். கையில் ஈரத்தோடு அப்படியே நின்றார்.

அப்புறம்தான் பெட்டியைத் திறந்து ஓ-ரிங்கைப் பார்த்தேன். மூடியைச் சுற்றி வரும் அந்த ரப்பர் வளையத்தில் ஒரு முடி விழுந்தாலும் தண்ணீர் உள்ளே வரும் என்று நீயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். முடியா விழுந்திருந்தது? காய்ந்த சந்தனப் பொருக்கு, கடுகளவு, குங்குமத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வைத்த பொட்டு! துடைத்ததாக நினைத்தேன், மூலையில் மிச்சம் இருந்திருக்கிறது.

கத்தியது எல்லோர் முன்னாலும், அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். "அண்ணே, தப்பு என்னுது. பூஜ போட்டு முய்க அட்ச்சிட்டேன்" என்றேன். நீ போன பிறகு முதல் தடவையாக அந்த மனுஷன் சிரித்தார். "அவ இருந்திருந்தா உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிருப்பா தங்கச்சி" என்றார். நானும் சிரித்தேன்.

இந்தத் தடவை டிராயரில் போடவில்லை. அங்கேயே பேட்டரியைப் பிடுங்கினேன். ரியாஸ் தம்பி ஒரு பக்கெட்டில் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். கேமராவை அதில் முக்கி, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கேளம்பாக்கத்தில் மாறின பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பக்கெட்ல இன்னா, மீனா? மீனுன்னா லக்கேஜு."

"கேமரா."

"கேமராவா? தண்ணிலயா?"

"தண்ணி பூந்துட்ச்சி. அதான் தண்ணிலயே எட்த்துனு போறேன்."

டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு இரண்டு ஸீட் தள்ளிப் போய் நின்றுகொண்டார் பாவம். ஊரப்பாக்கம் வரும்வரை என் பக்கத்து ஸீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை.

கடைக்கு வந்ததும் பெட்ரோல் பங்க்கில் இன்வெர்ட்டருக்கு விற்கிற டிஸ்டில்ட் வாட்டரில் மூன்று தடவை அலசி, பிரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, டேபிள் ஃபேனில் காயவைத்தேன். மூன்றாம் நாள் லென்ஸ் மறுபடி 'சர்ர்' என்று வந்தது. ஒரு செம்புக் கம்பியைக்கூட உப்பு அரிக்கவில்லை. போன மாசியிலேயே இதைச் செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியுமா? நினைத்தேன். நினைத்துக்கொண்டே புது ஓ-ரிங் வாங்கி, கிரீஸ் தடவி, வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து, தண்ணீர் டிரம்மில் கல்லைக் கட்டி ஒரு பகல் முழுக்க அமுக்கிவைத்தேன். எடுத்தபோது பேப்பர் மொடமொடவென்று இருந்தது. மழை முடிந்து, பொங்கல் முடிந்து, கடல் தெளிகிறவரை வாரம் ஒரு தடவை இதே வேலைதான் எனக்கு.

இந்த மாசியில் ஒரு காலை, ரியாஸ் தம்பி போன் பண்ணி "அக்கா, தண்ணி கண்ணாடி மாரி கீது, வந்துடுங்க" என்றார். மூடியை இனி யாரும் தொடக் கூடாது, நான்தான் பூட்டுவேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் படகிலும் ஏறவேண்டி வந்தது. மல்லி, நான் கடலில் போனேன்! பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். பாருக்கு மேலே போனதும் கையைத் துடைத்து, ஓ-ரிங்கை வெளிச்சத்தில் மூன்று சுற்றுப் பார்த்து, பூட்டிக் கொடுத்தேன். அண்ணனும் ரியாஸும் பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தார்கள்.

அப்புறம் குமிழி மட்டும்தான். எத்தனை நேரம் என்று கேட்காதே. வலை இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒரு வருஷத்தில் எந்த நீரோட்டமாவது இழுத்துக்கொண்டு போயிருந்தால்? அப்படியானால் என்றைக்கும் நீ பொய்க்காரிதானே?

முதலில் ஒரு கை மேலே வந்தது. கையில் பெட்டி. பெட்டிக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்புறம் அண்ணன் தலை. முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படகைப் பிடித்துக்கொண்டு, "கீது தங்கச்சி" என்றார். "அவ சொன்ன அதே எடம். அப்டியே கீது." கண்ணாடிக்குள் இருந்தது கடல் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

படங்கள் என்றால் படங்கள்! பாறையைத் தாவணி போர்த்தின மாதிரி மூடிக் கிடக்கிறது வலை. எலும்பாகத் தொங்கும் மீன்கள். நடுவில் உயிரோடு மாட்டித் துடிக்கிற ஒரு பெரிய கொடுவா. மேல் ஓரத்தில் மிதவை ஒன்று, அதன் பெயின்ட்கூடத் தெரிகிறது.

போனில் காட்டினால் கையை வைத்து மறைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"அக்கா, இன்னா விசேஷம்? காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா?"

"வலை. ஆறடிக்கு நாலடி."

"வலையா? நடுவுல யாரு ஃபோட்டோ?"

"யாரும் வேணாம். கீய மட்டும் 'மல்லிகாவின் கேமராவில் எடுத்தது'ன்னு போடு."

"நாலு மூலைலயும் புறாவாவது வெக்கட்டுங்களா?"

"புறா வெச்ச, உன் மிஷின்ல தண்ணி ஊத்திடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். செல்வம் அண்ணனே ஃப்ளெக்ஸைக் கயிறு கட்டி நிறுத்தினார். நான் ஓரத்தில் பெண்களோடு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். இந்தத் தடவை தலையை நிமிர்த்திப் பேசினார்.

"போன மாசியில என் பொண்டாட்டி இதே எடத்துல சொன்னா. நீங்கோ சிரிச்சீங்கோ. நான் தலைய தொங்கப் போட்டுனு குந்தினு இருந்தேன். கூடவே குடும்பம் நட்த்துன நான், அவள நம்பி ஒரு வார்த்த பேசல. அது என் தப்பு. இன்னிக்கி எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்றேன். மல்லிகா பொய் சொல்லல."

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரென்றே தெரியாது.

தலைவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போனார். மிதவையைத் தொட்டார். மிதவைக்கு வீட்டுக்கு வீடு ஒரு பெயின்ட் அடையாளம் உண்டு என்று உனக்குத் தெரியும். "நீலம். மஞ்ச கோடு ரெண்டு" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க வூட்டு வலை. பொயல்ல அத்துக்கினு போனது. ஆய்கடலுக்குப் பூட்ச்சின்னு நெனச்சினு இருந்தேன்." அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அந்தப் பொண்ணு பாத்தது நெசம். மொதல்ல சிரிச்சவன் நான்தான். வலைய எடுக்க மொத படகு என்னுது."

அந்த மனுஷன்மேல் ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த கோபம் அத்தனையும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மறைத்துவிட்டுப் போயிருக்கலாம், மறைக்கவில்லை. முந்தாநாள் அவருடைய படகுதான் முன்னால் போனது. அண்ணனும் ரியாஸும் கீழே வெட்டி வெட்டிக் கயிறு கட்ட, மேலே மூன்று படகும் இழுத்தன. கடைசித் துண்டு மேலே வந்தபோது கரையில் ஊரே போட்ட சத்தம் உனக்குக் கேட்டிருக்கவேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போல.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அண்ணி, கேமரா ரெடியா?" என்றாய். "ரெடிடி, எயுந்து வா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அன்றைக்கு அது டிராயரில் அரிசியோடு கிடந்தது, மல்லி. நீ விட்டுப்போன பிறகு தூக்கு மூடியைக்கூட நான் மறுபடி திறந்திருக்கவில்லை. ஊர் உன்னைப் பொய்க்காரி என்றது. உன்னிடம் பொய் சொன்னவள் நான்.

இப்போது சொல்கிறேன், கேள். கேமரா ரெடி. என் எதிரில்தான் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் ஓடுகிறது.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனிமேல் அந்தக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எந்தப் பெண் வாயைத் திறந்தாலும், படம் எங்கே என்று யாரும் கேட்பதற்குள் "நான் நம்பறேன்" என்று சொல்ல நான் அங்கே நிற்பேன். உன்னிடம் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது.

உன்னைத் திட்டவும் உனக்காகச் சண்டை போடவும் இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிற,
உன் சுமதி அண்ணி